சிப்பி இழைத்த நாற்காலி

ஒரு கண்காட்சியின் தமிழ்க் கையேட்டில் 'முத்தின் தாய் பதிக்கப்பட்ட நாற்காலி' என்று இருந்தது. "யாருடைய தாய்? அவரை எதற்கு நாற்காலியில் பதித்தார்கள்?" என்று கேட்டார் என் அம்மா. நியாயமான கேள்விதான்.

சிப்பி ஓட்டின் பளபளக்கும் உட்பக்கத்தை ஆங்கிலத்தில் 'மதர் ஆஃப் பேர்ல்' என்பார்கள். அதை அப்படியே பெயர்த்த வினை இது. இடைக்கால லத்தீனில் 'மாத்தர் பெர்லாரும்' என்றார்கள். முத்தைச் சுமக்கும் ஓடு, ஆகவே தாய். ஜெர்மானியருக்கு அது 'பெர்ல்முட்டர்'; இந்தோனேசியருக்கு 'இண்டுங் முத்தியாரா'. அங்கெல்லாம் ஊறிப்போன சொல், நம் நாவில் ஒட்டவில்லை. உண்மையில் அந்த உறவுமுறையும் தப்பு. ஓட்டின் உட்பக்கப் பளபளப்பையும் முத்தையும் சுரப்பது ஒரே திசுதான். தாயும் பிள்ளையும் அல்ல, அக்காளும் தங்கையும்!

இதற்கே அறிவியலார் சொல்லும் 'நேக்கர்', இத்தாலி வழியாக அரபு 'நக்காரா'விலிருந்து வந்திருக்கலாம் என்கின்றன அகராதிகள். தர்காக்களில் முழங்கும் நகரா முரசும் அந்தச் சொல்தான்.

நம்மிடம் புறநானூற்றிலேயே 'இப்பி' உண்டு. அதன் உடன்பிறப்பு 'சிப்பி'. பாலியிலும் பிராகிருதத்திலும்கூட 'சிப்பி' இருப்பதால், யாரிடமிருந்து யார் வாங்கியது என்பதை அறிஞர்கள் பேசித் தீர்க்கட்டும். கைவினைப் பொருளுக்கு 'சிப்பி' என்றாலே போதும். 'முத்துச்சிப்பி' என்றால் உயிருள்ள பிராணி நினைவுக்கு வரும். 'கிளிஞ்சல்' என்றால் சுண்ணாம்புக் காளவாய். உயிரியல் பாடத்துக்கு மட்டும் 'முத்துப்படலம்' என்று எழுதலாம். ஒரு மில்லிமீட்டரை 2,000 கூறாக்கினால் கிடைக்கும் கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே தடிமனுள்ள தகடுகள் அடுக்கடுக்காய் அமைந்த படலம் அது. அதில் சாயமே இல்லை. ஒளி அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்புவதால்தான் தலையைச் சாய்த்தால் பச்சை இளஞ்சிவப்பாகிறது.

கொரியர், சீனர், ஜப்பானியர் அரக்குப் பெட்டிகளில் இதைப் பதித்தார்கள். பாங்காக்கின் வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்தில் சயனித்திருக்கும் புத்தரின் பாதங்களில் 108 மங்கலக் குறிகளும் சிப்பியால் ஆனவை. பதேபூர் சிக்ரியில் சூஃபி ஞானி சலீம் சிஷ்தியின் கல்லறை விதானமும் அப்படியே.

நமக்கு அருகில் என்றால், சிங்கப்பூரின் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் உள்ள பெரனாக்கான் அரும்பொருளகத்தில் இத்தகைய அறைகலன்களைக் காணலாம். பாபா, அதாவது சீன வழிவந்த பெரனாக்கான், நண்பர் ஒருவர் வீட்டில், பாட்டி காலத்துக் கருமர நாற்காலியைத் தடவிப் பார்க்கவே வாய்த்தது. அதன் முதுகுப்பலகையில் ஒரு பறவை. அதன் சிறகில் ஒரு துண்டு விழுந்துவிட்டிருந்தது. அந்தக் குழியில் நகத்தை வைத்தேன். நகத்தின் தடிமன்கூட ஆழமில்லை. ஆனால் ஓரம் கத்தியால் கீறியதுபோல அத்தனை துல்லியம்.

அந்த வேலைக்குத் தமிழில் பழைய வினைச்சொல் இருக்கிறது: இழைத்தல். இழைப்புளியால் மரத்தை இழைக்கிறோம். கல்லில் சந்தனம் இழைக்கிறோம். மணி இழைத்த நகை என்கிறோம். 'சேயிழை', 'ஆயிழை' என்று பெண்ணை விளித்ததும் அவள் அணிந்த இழையால்தான். அந்த நாற்காலியைச் செய்தவர் மரத்தைச் சீவினார், ஓட்டைத் தேய்த்தார், பிறகு ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்தினார். மூன்றும் இழைத்தல்தான்.

'சிப்பி பதித்த நாற்காலி' என்று எழுதினாலும் பிழையில்லை. ஆனால் 'பதித்த' என்பது அவருடைய கடைசி வேலையை மட்டும்தான் சொல்கிறது.