இரண்டு எண்களுக்கு இடையே குடிநீர்

செட்டிநாட்டு ஊர்களில் குடிக்கும் ஊருணி வேறு, குளிக்கும் ஊருணி வேறு. குடிநீர் ஊருணியில் கால் நனைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு எழுதி வைக்காமலே காக்கப்பட்டது. காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரை இன்றும் ருசியை வைத்தே மெச்சுகிறார்கள். ஆனால் நைட்ரேட்டும் ஃபுளோரைடும் கலந்திருப்பதை நாக்கு கண்டுபிடிக்காது. அதற்கு எண் வேண்டும்.

அந்த எண்ணை வகுப்பது இந்திய தர நிர்ணய அமைவனம். 2012-இல் திருத்தி வெளியிடப்பட்ட ஐ.எஸ். 10500 என்னும் குடிநீர்த் தர ஆவணம், பல பொருள்களுக்கு இரண்டு எல்லைகளைக் குறிக்கிறது: ஒன்று ஏற்கத்தக்க அளவு, மற்றொன்று வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் பொறுத்துக்கொள்ளத்தக்க அளவு. உப்பு முதலான கரைந்த திடப்பொருள்களுக்கு இது லிட்டருக்கு 500, 2000 மில்லிகிராம். ஃபுளோரைடுக்கு 1, 1.5. நைட்ரேட்டுக்கோ 45 என்ற ஒரே எண்தான், தளர்வு கிடையாது. உப்பு கூடினால் முதலில் கெடுவது சுவை. நைட்ரேட் மிகுந்த நீரில் புட்டிப்பால் கரைத்துக் கொடுத்தாலோ, பச்சிளங்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. கொதிக்க வைத்தாலும் பயனில்லை. நீர் ஆவியாகப் போக, நைட்ரேட்டின் செறிவு கூடவே செய்யும்.

இத்தகைய எல்லைகள் பலவும், ஒருவர் வாழ்நாள் முழுதும் நாள்தோறும் எவ்வளவு உட்கொண்டால் தீங்கில்லை என்ற மதிப்பீட்டிலிருந்து பெறப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனம் இதற்கு 60 கிலோ எடையுள்ளவர் 2 லிட்டர் குடிப்பதாகக் கொள்கிறது. சித்திரை வெயிலில் வயலில் நிற்பவர் அதைவிட அதிகம் குடிப்பார். ஃபுளோரைடு எல்லையை வகுக்கும்போது வெப்பநிலையையும் பார்க்க வேண்டியிருப்பது அதனால்தான்.

எண்ணை வகுத்தவர் குழாயைக் காப்பதில்லை. குடிநீர் மாநிலத்தின் பொறுப்பு. 1971-இல் அமைந்த தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களை அமைத்து, ஆய்வகங்களில் நீரைச் சோதிக்கிறது. ஊருக்குள் பகிர்ந்தளிப்பது உள்ளாட்சியின் வேலை. ஆலைக்கழிவை மேற்பார்ப்பதோ, 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தின் கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பொதுக் குழாய் நீருக்கு ஐ.எஸ். 10500 சட்டக் கட்டாயம் அன்று என்பது, என் பார்வையில், இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை.

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமப் பெண்களே கையடக்கச் சோதனைப் பெட்டியால் நீரைப் பார்க்கிறார்கள். மாதிரி ஊற்றிய சிறு புட்டி கறுத்தால் மலக்கிருமி இருக்கலாம் என்று பொருள்; உறுதிசெய்ய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரினை அளக்கும் இடம் மேல்நிலைத் தொட்டியடி மட்டுமன்று. வழியெல்லாம் கிருமியோடு வினைபுரிந்தபின், கடைக்கோடிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும்.