இம்யூனோசப்ரசன்ட்: ஒடுக்கியா, தணிப்பியா?

எங்க சித்தி மஞ்சக்குப்பத்துல இருக்காங்க, லூபஸ் நெப்ரைட்டிஸ், அதாவது எதிர்ப்பு சக்தியே சொந்த கிட்னிய தாக்குற நோய். நாலு மாசம் அந்த எதிர்ப்பு சக்திய தணிக்கிற இம்யூனோசப்ரசன்ட் மாத்திர சாப்பிட்டு யூரின்ல புரோட்டீன் லீக் கொறஞ்சு கால் வீக்கமும் வத்திடுச்சு, அப்ப பாத்து பக்கத்து வீட்டுக்காரம்மா "இது எதிர்ப்பு சக்திய அழிக்கிற மாத்திரயாமே"ன்னு சொல்ல, சித்தி பயந்துபோய் அத நிறுத்திட்டு எதிர்ப்பு சக்தி ஏத்துற கஷாயத்துக்கு போயிட்டாங்க. மூணாவது வாரம் மூஞ்சி உப்பி யூரின் நுரைநுரையா போவுது.

எல்லாம் இம்யூனோசப்ரசன்ட்ங்குற ஒரு சொல்லு பண்ண வேல. இம்யூனிஸ்னா லத்தீன்ல வரி, ஊர் வேலைன்னு எதுவும் சுமத்தப்படாதவன், விலக்கு வாங்குனவன். நோய்க்கும் விலக்குங்குறது பின்னாடி வந்து ஒட்டிக்கிச்சு. சப்ரஸ்னா கீழ போட்டு அமுக்குறது. தமிழ்ல நோயெதிர்ப்பு ஒடுக்கின்னு எழுதுறாங்க, தப்பில்ல, ஆனா காதுல விழும்போது 144 போட்ட மாதிரி இருக்கு. எனக்கு தணிப்பி தான் பொருத்தமா படுது, "அடுப்ப தணிச்சு வை"ன்னா அணைன்னு அர்த்தமில்லல்ல? இந்த நோய்ல எதிர்ப்பு சக்தி கொறஞ்சு போவல, சொந்த கிட்னியவே எதிரின்னு நெனச்சு எரிக்குது, அதுக்குப் போய் இன்னும் வெறக வெப்பாங்களா!

லூபஸ்னா லத்தீன்ல ஓநாய், மூஞ்சில வர்ற படை ஓநாய் கடிச்ச மாதிரி இருக்குன்னு வெச்ச பேரு. பாண்டில தெரிஞ்ச சொல்தா (பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவரு) தாத்தா ஒருத்தர்கிட்ட சொன்னதும் "பிரெஞ்சுல ஓநாய் லூ"ன்னு சிரிச்சாரு.

தீ பெருசா இருக்கும்போது ஸ்டீராய்டு கூட சைக்ளோபாஸ்பமைடோ மைக்கோபீனலேட்டோ குடுப்பாங்க. சைக்ளோபாஸ்பமைட், போர்ல வீசுன மஸ்டர்ட் விஷ வாயுவுக்கு தூரத்து சொந்தம், டிரிப்ஸ்ல ஏறும், யூரோ லூபஸ்ங்குற கம்மி டோஸ் முறைல 500 மி.கி. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணா 6 தடவ, மொத்த டோஸ் ஏற ஏற கொழந்த பொறக்குற வாய்ப்ப கெடுக்கும், மூத்திரப்பைல ரத்தக்கசிவும் வரலாம். மைக்கோன்னா கிரேக்கத்துல பூஞ்சை, மருந்தும் பூஞ்சைல இருந்து வந்தது தான், இதுல வயித்தால போறது தான் பெரிய தொல்ல. 2009ல வந்த ஆல்ம்ஸ் ஆய்வுல 370 பேருக்கு குடுத்துப் பாத்ததுல மைக்கோபீனலேட் ஜெயிக்கும்னு எதிர்பாத்தாங்க, ரெண்டும் ஏறக்குறைய சமமா நின்னுது.

தணிஞ்சப்புறம் திரும்ப மூளாம பாத்துக்க மைக்கோபீனலேட் இல்லன்னா அசாதயோபிரின். ஆல்ம்ஸோட அடுத்த கட்டத்துல, 2011ல, மைக்கோபீனலேட் முந்துச்சு, அதுக்கு முந்தின வருஷம் வந்த மெயின்டெயின் ஆய்வுல பெரிய வித்தியாசம் தெரியல. ஆனா கொழந்த வேணும்னு நெனச்சா மைக்கோபீனலேட் ஆவாது, கருவ பாதிக்கும், டாக்டர் முன்கூட்டியே அசாதயோபிரினுக்கு மாத்திடுவாங்க. டாக்ரோலிமஸும் உண்டு, பேர்ல முன்னாடி நிக்கிற எழுத்து ஜப்பான்ல சுகுபாங்குற ஊரோடது, அந்த ஊர் மண்ணு பாக்டீரியா தான் மூலம், ரத்தத்துல அளவு பாத்துப் பாத்து குடுக்கணும்.

தணிக்கும்போது நல்ல தீயும் சேந்து தான் தணியும், அதனால காய்ச்சல் வந்தா சுக்குக் கஷாயம் வெச்சுட்டு ஒக்காரக் கூடாது, டாக்டர்கிட்ட போயிடணும். இத சித்திக்கு சொல்லி புரிய வெக்க அரை நாள் ஆச்சு. இப்ப டாக்டர் திரும்ப ஆரம்பிச்சிருக்காரு, டப்பா மேல நான் பால்பாயிண்ட்ல எழுதி ஒட்டியிருக்கேன்: "தணிப்பி, காலைல 2, ராத்திரி 2."