இந்தப் படம் யாருடையது? கட்டற்ற விளையாட்டுக் கலையை மட்டுறுத்தும் அனுபவத்திலிருந்து

கணினி விளையாட்டுகளுக்கான படங்களையும் ஒலிகளையும் கட்டற்ற உரிமத்தில் பகிர்ந்துகொள்ளும் தளம் ஒன்றில், பதிவேற்றங்களைச் சரிபார்க்கும் மட்டுறுத்துநராகச் சில ஆண்டுகளாக இருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு மாலையில், புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் 24 பாத்திரங்கள் கொண்ட ஸ்ப்ரைட் (விளையாட்டுத் திரையில் நகரும் சிறு உருவப்படம்) தொகுப்பு ஒன்றைப் பதிவேற்றியிருந்தார். ‘நானே வரைந்தது, யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்று குறிப்பெழுதி, கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) என்ற அமைப்பின் உரிமங்களில், எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கும் சிசி ஜீரோவைத் தேர்ந்தெடுத்திருந்தார். படங்கள் மிக நேர்த்தியாக இருந்தன. கோப்பை 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கியபோது, சில பாத்திரங்களின் தலைமுடியோரத்தில் ஒரே ஒரு பிக்சல் அளவுக்குப் பளிச்சென்ற இளஞ்சிவப்பு ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

பழைய விளையாட்டுகளிலிருந்து உருவங்களைப் பெயர்த்தெடுத்துத் தொகுப்பவர்கள், படத்துக்குள் அநேகமாக வராத நிறம் என்பதால், பின்னணியை 255, 0, 255 என்ற (சிவப்பும் நீலமும் முழு அளவில், பச்சை இல்லாத) மஜெந்தா நிறத்தால் நிரப்பிவைப்பது நெடுநாளைய வழக்கம். அந்தப் பின்னணியை நீக்குகையில் சற்றுக் கவனம் பிசகினால் ஓரத்தில் நிறம் தங்கிவிடும். இது மட்டுமே சான்றாகிவிடாது. விளையாட்டை இயக்கும் பழைய மென்பொருள்களான எஞ்சின்களுக்காகச் சொந்தமாக வரைபவர்களும் அதே பின்னணியைப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் எங்கே தேட வேண்டும் என்பதை அந்தப் பிக்சல் காட்டிக்கொடுத்தது. அரைமணி நேரத்தில், 1990களில் வெளிவந்த வணிக விளையாட்டு ஒன்றின் உருவங்களோடு அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். தலைமுடியின் நிறத்தையும் உடையின் நிறத்தையும் தவிர அத்தனை பிக்சலும் பொருந்தின.

உறுப்பினருக்கு எழுதிக் கேட்டேன். அவர் பள்ளி மாணவர். வேறொரு தளத்தில் இலவசமாகக் கிடைத்ததாகவும், நிறத்தை மாற்றியது தானே என்பதால் ‘நானே வரைந்தது’ என்று எழுதியதாகவும் பதில் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். இந்தப் பணியில் நான் சந்திக்கும் பெரும்பாலான மீறல்கள் இப்படிப்பட்டவைதாம்: களவு எண்ணம் இல்லாமல், காசு கேட்காமல், நாலு பேருக்குப் பயன்படட்டும் என்ற நல்ல மனத்தோடு செய்யப்படுபவை. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதைதான். ஆனால் உடைப்பவருக்கு அது கடைத் தேங்காய் என்பதே தெரிவதில்லை.

இத்தகைய தளங்களில் பலரும் அறிந்த ஓப்பன்கேம்ஆர்ட் 2009இல் தொடங்கியது. சிசி ஜீரோ, சிசி பை, சிசி பை எஸ்ஏ, கட்டற்ற மென்பொருளுக்கான ஜிபிஎல் போன்ற, வணிகப் பயன்பாட்டையும் மாற்றியமைத்தலையும் அனுமதிக்கும் உரிமங்களை மட்டுமே அது ஏற்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதியவர்களுக்கு சிசி பை எஸ்ஏ புதிதல்ல. ஆக்கியவர் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பதே அதன் சாரம். வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும் என்றோ, மாற்றக்கூடாது என்றோ நிபந்தனையிடும் உரிமங்களும் கிரியேட்டிவ் காமன்ஸில் உண்டு. கட்டற்ற மென்பொருளோடு அவை ஒத்துப்போகாதவை என்பதால் நாங்களும் ஏற்பதில்லை. அதைச் சொல்லும்போது சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். உரிமத்தை மாற்ற விருப்பமில்லையென்றால் அது அவர்களது முழு உரிமை என்று சொல்லி விட்டுவிடுவோம்.

எந்த உரிமத்தைத் தேர்ந்தெடுத்தாலும் ஓர் அடிப்படை மாறுவதில்லை. உரிமம் என்பது உரிமையாளர் கொடுக்கும் அனுமதி. உரிமையாளரல்லாதவர் சிசி ஜீரோ என்று அழுத்திவிட்டால் படம் பொதுச்சொத்தாகிவிடாது. அங்கே அனுமதி என்ற ஒன்றே பிறக்கவில்லை. தளத்தில் எழுதியிருந்ததை நம்பித்தான் எடுத்தேன் என்று பதிவிறக்கியவர் சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். அந்த நம்பிக்கை அவர்மீது இரக்கம் வரச்செய்யுமே தவிர, இல்லாத அனுமதியை உண்டாக்காது.

இதன் சுமை கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். பதிவேற்றியவர் கணக்கை மூடிவிட்டுப் போய்விடலாம். நாங்கள் கோப்பை நீக்கிவிடலாம். இரவெல்லாம் விழித்து விளையாட்டை உருவாக்கிக் கடையில் ஏற்றியவர் அப்படிப் போய்விட முடியாது. இருவராகச் சேர்ந்து விளையாட்டு செய்த நண்பர்கள் ஒருமுறை எங்களுக்கு எழுதினார்கள். எங்கள் தளத்திலிருந்து நான்காண்டுகளுக்கு முன் எடுத்த மதில்சுவர்ப் படங்களுக்காக அவர்களுக்குப் பதிப்புரிமைப் புகார் வந்திருந்தது. கடையிலிருந்து விளையாட்டு இறக்கப்பட்டுவிட்டது. அந்தச் சுவர்தான் விளையாட்டின் எல்லாக் கட்டங்களிலும் இருந்தது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற மின்னணுப் பதிப்புரிமைச் சட்டப்படி, முறையான புகார் வந்தவுடன் நீக்கினால்தான், பிறர் ஏற்றியதை வெளியிடும் இடைநிலை நிறுவனத்துக்குப் பாதுகாப்பு. ஆகவே கடை நடத்துபவர்கள் முதலில் நீக்கிவிட்டுப் பிறகே விளக்கம் கேட்பார்கள். இந்தியாவிலும் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(சி) பிரிவும் அதன்கீழ் வந்த 2013ஆம் ஆண்டு விதிகளும் ஏறத்தாழ அத்தகைய ஏற்பாட்டையே செய்திருக்கின்றன: புகாரில் முகாந்திரம் இருந்தால் 36 மணி நேரத்துக்குள் அதை யாரும் அணுகாதபடி தடுக்க வேண்டும், 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மீண்டும் திறக்கலாம். சிறு குழுவுக்கு வெளியீட்டு வாரத்தில் 21 நாள் என்பது முழு இழப்பு.

‘முப்பது சதவீதம் மாற்றிவிட்டால் புதுப்படம்’ என்ற நம்பிக்கை எப்படிப் பரவியது என்று எனக்குத் தெரியவில்லை. மாதத்துக்கு இரண்டு முறையாவது யாராவது இதைச் சொல்கிறார்கள். எந்தச் சட்டத்திலும் அப்படியொரு அளவுகோல் இல்லை. பிறர் வரைந்த உருவத்தின் நிறத்தை மாற்றினாலும், வாளை எடுத்துவிட்டுக் கோடாலியைக் கொடுத்தாலும், அது மூலத்திலிருந்து பிறந்த வழிப்படைப்பே. மூலவரின் அனுமதி வேண்டும். மாரியோவைத் தானே ஒவ்வொரு பிக்சலாக வரைந்தவருக்கும் இதையேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. உழைப்பு அவருடையது, பாத்திரம் அவருடையதல்ல. இரசிகராக வரைந்து மகிழ்வது ஒன்று, உலகில் எவரும் விற்கலாம் என்று உரிமம் கொடுப்பது வேறொன்று.

விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்களோடு சேர்ந்து வரும் படத்தொகுப்புகளும் அடிக்கடி எங்களிடம் வந்துசேரும். மென்பொருளை வாங்கியவர் தம் விளையாட்டில் பயன்படுத்தலாம் என்றுதான் பெரும்பாலும் அவற்றின் ஒப்பந்தம் சொல்கிறது. பிறருக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம் என்று சொல்வதில்லை. ஒலி மாதிரித் தொகுப்புகளுக்கும் இதே கதை. இசைக்குள் கலந்தால் சரி, தனித்தனிக் கோப்பாகப் பரப்பக்கூடாது என்ற வரி ஒப்பந்தத்தில் எங்கோ இருக்கும். அதைப் படிக்காமல் நல்லெண்ணத்தோடு ஏற்றிவிடுகிறார்கள்.

முறையாகப் பகிர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு லிபரேட்டட் பிக்சல் கப் நல்ல எடுத்துக்காட்டு. கிரியேட்டிவ் காமன்ஸ், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, ஓப்பன்கேம்ஆர்ட் ஆகிய மூன்றும் சேர்ந்து 2012இல் நடத்திய போட்டி அது. 32க்கு 32 பிக்சல் கட்டங்கள், ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும், கோணம் எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் ஒரு பாணியை வகுத்து, அடிப்படைப் படங்களை சிசி பை எஸ்ஏ 3.0, ஜிபிஎல் 3 ஆகிய இரு உரிமங்களிலும் வெளியிட்டார்கள். பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அதே பாணியில் முடி, சட்டை, கவசம், இறக்கை என்று யார் யாரோ வரைந்து சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். உடல் ஒருவருடையது, நடை அசைவு ஒருவருடையது, தலைமுடி மூன்றாமவருடையது, காலணி நான்காமவருடையது என்று ஒரே பாத்திரத்துக்குள் ஏழெட்டுப் பேரின் கை இருக்கும். அவர்கள் அனைவரின் பெயரும் நன்றிப் பட்டியலில் வர வேண்டும். இதற்காகவே, அந்தப் படங்களை அடுக்கிப் பாத்திரம் உருவாக்கும் கருவி, பெயர்ப் பட்டியலையும் சேர்த்தே கொடுக்கிறது. படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பட்டியலை விட்டுவிடுபவர்கள் ஏராளம். ‘இணையத்திலிருந்து’ என்று மட்டும் நன்றி எழுதிய பதிவேற்றத்தைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். கூலி வாங்காமல் கொடுத்தவர்கள் கேட்ட ஒரே கூலி அந்தப் பெயர்.

செயற்கை நுண்ணறிவுப் படங்கள் வந்தபின் கேள்வி வேறுவகையில் சிக்கலாகியிருக்கிறது. மனிதப் படைப்பாளர் இல்லாத பகுதிக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகச் சொன்னது. பதிப்புரிமையே இல்லாத ஒன்றுக்கு, பெயர் சொல்ல வேண்டும் என்று உரிமம் விதிப்பது எந்த அளவுக்குச் செல்லும்? கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையும் 2024 சனவரி முதல், விளையாட்டில் அத்தகைய உள்ளடக்கம் இருந்தால் அறிவிக்க வேண்டும் என்று கேட்கிறது. அறியாமல் எடுத்துப் பயன்படுத்தியவர் அறியாமலே பொய்யான அறிவிப்பைக் கொடுத்துவிடக்கூடும். ஆகவே, அந்தப் படங்களை ஏற்கலாமா கூடாதா என்ற விவாதம் எப்படி முடிந்தாலும், எதனால் எப்படி உருவானது என்பதைப் பதிவேற்றுபவர் வெளிப்படையாக எழுதியே ஆக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

நான் தவறிழைத்ததையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். ஒருமுறை, ஒரு பெண் ஓவியர் ஏற்றியிருந்த மரங்களும் பாறைகளும், விற்பனையிலிருந்த ஒரு விளையாட்டின் படங்களோடு அச்சு அசலாகப் பொருந்துவதாக எங்களுக்குத் தகவல் வந்தது. ஒப்பிட்டேன், பொருந்தியது. உடனே கோப்பை மறைத்துவிட்டு, ‘பிறர் படைப்பை ஏற்றியிருக்கிறீர்கள்’ என்று அவருக்கு எழுதிவிட்டேன். மறுநாள் அவர் அனுப்பிய, கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளின் மூலக்கோப்பில் கோட்டுச்சித்திரம், நிழல், இலை, வேர் என்று ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியே இருந்தது. பாதியில் கைவிட்ட கிளைகூட ஓர் அடுக்கில் மறைத்துவைக்கப்பட்டிருந்தது. எங்கள் தளத்தில் அவர் ஏற்றிய தேதி, அந்த விளையாட்டு வெளியானதற்கு ஓராண்டு முந்தையது. அந்த விளையாட்டுதான் அவருடைய மரங்களை, உரிமப்படி, அவர் பெயரையும் குறிப்பிட்டுப் பயன்படுத்தியிருந்தது. இரண்டு தேதிகளையும் ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நான் செலவிடவில்லை. மன்னிப்புக் கேட்டேன், கோப்பைத் திரும்பக் காட்டினேன். அவர் அதற்குப் பிறகு புதிதாக எதையும் ஏற்றவில்லை. இப்போதெல்லாம் தேதி பார்க்காமல் யாருக்கும் எழுதுவதில்லை. எழுதும்போதும், ‘இது யாருடையது?’ என்று கேட்கிறேனே தவிர, ‘இது உங்களுடையதல்ல’ என்று தொடங்குவதில்லை.

விளையாட்டு உருவாக்குபவர்கள், ஒரு படத்தைப் பதிவிறக்கும் அன்றே, அந்தப் பக்கத்தின் முகவரி, ஆக்கியவர் பெயர், உரிமத்தின் பெயரும் பதிப்பு எண்ணும், எடுத்த தேதி ஆகியவற்றை ஓர் உரைக்கோப்பில் எழுதி, பக்கத்தின் நகலொன்றையும் படத்தோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். பெயர் விடுபட்டுப்போனது பிறகு தெரியவந்தால் பதறவேண்டாம்: சிசி 4.0 உரிமங்களில், மீறல் தெரியவந்த 30 நாட்களுக்குள் சரிசெய்தால் உரிமை தானே திரும்பிவிடும். 3.0இல் அந்த வாய்ப்பு இல்லை. ஆகவேதான் பதிப்பு எண்ணையும் எழுதச் சொல்கிறேன். பதிவேற்றியவரின் பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்தாறு பாணிகளில் படங்கள் குவிந்திருந்தாலோ, அடுக்குகள் கொண்ட மூலக்கோப்பு எதுவுமே இல்லாவிட்டாலோ, எடுப்பதற்கு முன் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

பதிவேற்றுபவர்கள் மூலக்கோப்பையும் இணைத்தால் எங்கள் வேலையில் பாதி குறைந்துவிடும். ஐயம் எழுந்து எங்களுக்குத் தெரிவிக்க விரும்புபவர்கள், ‘இது திருட்டு’ என்று பொதுவில் எழுதுவதைத் தவிர்த்து, மூலம் எங்கே இருக்கிறது, அது எந்தத் தேதியில் வெளியானது, தொகுப்பில் எந்த வரிசையில் எத்தனையாவது உருவம் பொருந்துகிறது என்ற மூன்றையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அவை இருந்தால் அன்றிரவே இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட முடிகிறது.