முக்காற்புள்ளி ஒன்றைக் காணோம்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மாணவி கேட்கிறார்: "நானே கம்பைல் செய்த டூலின் மேனுவலை ஹோம் டிரெக்டரிக்குள் வைத்து, ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில், மேனுவல் தேடும் இடங்களைச் சொல்லும் மேன்பாத் (MANPATH) மாறிக்கு வரி ஒன்றும் சேர்த்தேன். அந்த மேனுவல் திறக்கிறது. ஆனால் எல்எஸ் கட்டளையின் மேனுவலுக்கு 'மேன் எல்எஸ்' என்று அடித்தால் அப்படி ஒரு மேனுவலே இல்லையாம். லினக்ஸைத் திரும்ப இன்ஸ்டோல் செய்யட்டுமா?"

வேண்டாம். கம்ப்யூட்டர்காரர் கழிப்புக் கழிக்கும் முறைதான் இந்த ரீஇன்ஸ்டோல். பேய் போகலாம், ஏன் வந்தது என்று கடைசிவரை தெரியாது.

டெபியன், உபுண்டு, ஃபெடோரா ஆகிய லினக்ஸ் வகைகள் மூன்றிலும், மேனுவலைத் திறக்கும் மேன் கட்டளையைத் தருவது மேன்-டிபி என்ற மென்பொருள். எந்த டிரெக்டரிகளில் தேடுவது என்பதை அது வழக்கமாகத் தன் கான்ஃபிக் கோப்பிலிருந்து எடுக்கும். மேன்பாத் மாறிக்கு நீங்கள் மதிப்புக் கொடுத்ததும் அந்தக் கோப்பை அது பார்ப்பதில்லை. உங்கள் டிரெக்டரி மட்டுமே பட்டியல். எல்எஸ் மேனுவல் டிஸ்க்கில் அப்படியே இருக்கிறது, தேடத்தான் ஆளில்லை.

இதைச் சரிசெய்ய ஒரு முக்காற்புள்ளி (:) போதும், அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் ருசி. மதிப்பின் கடைசியில் வைத்தால் முதலில் உங்கள் டிரெக்டரி, பிறகு சிஸ்டத்தின் பட்டியல். தொடக்கத்தில் வைத்தால் சிஸ்டம் முந்திக்கொள்ளும். புது வெர்ஷன் போட்டும் பழைய மேனுவலே திறப்பதாகப் புலம்புவோர் இதைப் பாருங்கள். நடுவே இரண்டை ஒட்டி வைத்தால் சிஸ்டத்தின் பட்டியல் அந்த இடத்தில் நுழையும். புள்ளிக்குப் பக்கத்து வெற்றிடத்துக்கே ஒரு பொருள் கொடுத்தவர் யாரோ, அவருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுக்கலாம்.

உண்மையில் அந்த வரியையே அழித்துவிடலாம். மேன்பாத் இல்லாதபோது மேன்-டிபி, கட்டளைகளைத் தேடும் இடங்களைச் சொல்லும் உங்கள் பாத் (PATH) மாறியையும் பார்க்கும். அதில் '.லோக்கல்/பின்' இருந்தால், பக்கத்திலுள்ள '.லோக்கல்/ஷேர்/மேன்' டிரெக்டரியைத் தானே சேர்த்துக்கொள்ளும். 'மேன்பாத்' (manpath) என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஒரு கட்டளையும் உண்டு. அதை ஓட்டினால் பட்டியல் வரிசையாக வரும். மாறி குறுக்கே நின்றால் கான்ஃபிக் கோப்பைப் புறக்கணிப்பதாக எச்சரிக்கும். 'மேன் -ஏடபிள்யூ' என்று டூலின் பெயரோடு அடித்தால், அந்தப் பெயரில் எங்கெங்கே மேனுவல் இருக்கிறதோ அத்தனையும் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் தவறான பக்கம் வருகிறதா? மேனுவல்கள் எண்ணிட்ட பிரிவுகளாக இருக்கின்றன; டிரெக்டரியை விடப் பிரிவு எண்ணுக்கு அதிகாரம் கூட. 'மேன் பிரிண்ட்எஃப்' என்றால் 1ஆம் பிரிவின் ஷெல் கட்டளைதான் முதலில் வரும். சி மொழிக்காரர் 'மேன் 3 பிரிண்ட்எஃப்' என்று எண் சொல்லித்தான் கேட்கவேண்டும்.