'புரிஞ்சுதா?' என்று கேட்டுக்கொண்டிருந்த காலம்

மணலியில் ஒரு ஆலையின் பயிற்சிக் கூடம். மதியம் இரண்டேகால் மணி. கேன்டீன் சாம்பார் சாதம் வயிற்றுக்குள் போய் அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். ஷட்டவுன் வேலைக்கு, அதாவது ஆலையை நிறுத்திவிட்டுச் செய்கிற பராமரிப்புக்கு, வந்த நாற்பது ஒப்பந்தத் தொழிலாளர்கள், ஃபேனுக்குக் கீழே இருக்கிற நாற்காலியாகப் பார்த்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். என் கையில் வேலைப் பாதுகாப்பைப் பற்றி எழுபது ஸ்லைடு. ஒன்றைக்கூட விடாமல் ஓட்டி முடித்து "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது சார்" என்று கோரஸாகப் பதில் வந்தது. வருகைப் பதிவேடு ஒரு சுற்று போய்க் கையெழுத்தோடு திரும்பியது. டீ குடித்தோம். கலைந்தோம்.

சாயங்காலம் கேட் பக்கத்தில் அதே கூட்டத்தில் இருந்த ஃபிட்டர் ஒருவரைப் பார்த்தேன். சும்மா பேச்சுவாக்கில், "டேங்க் உள்ள எறங்கறதுக்கு முன்னாடி ஆக்சிஜன் எவ்ளோ இருக்கணும்ணே?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "அதெல்லாம் சேஃப்டி ஆபீசர் பாத்துப்பாரு சார்."

குறைந்தது 19.5 சதவீதம் இருக்க வேண்டும். சாதாரணக் காற்றில் 20.9 இருக்கும். பதினெட்டாவது ஸ்லைடில் அதைச் சிவப்பு எழுத்தில் கொட்டை கொட்டையாகப் போட்டிருந்தேன்.

அப்போது எனக்குத் தொழிலில் நான்காவது வருடம். மணலி, எண்ணூர், திருவொற்றியூர் என்று இந்தப் பக்கத்து ஆலைகளில்தான் இன்றைக்கும் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். அன்றைக்கு முதலில் அவர்மேல்தான் கோபம் வந்தது. அவர்மேல் தப்பில்லை என்று உறைக்கச் சில மாதம் பிடித்தது.

இடையில் விளையாட்டுப் பைத்தியமும் பிடித்தது. வகுப்பு கலகலப்பாக இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள் என்று பலூன் ஊதச் சொன்னேன், கை தட்டச் சொன்னேன், பக்கத்தில் இருப்பவருக்குப் பட்டப்பெயர் வைக்கச் சொன்னேன். ஐம்பது வயது வெல்டர் ஒருவர், பேரன் எடுத்தவர், பலூனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. சத்தம் வந்தது, சிரிப்பு வந்தது, பாடம் மட்டும் வரவில்லை. பெரியவர்களைச் சின்னப்பிள்ளைகளாக்கினால் அவர்கள் நமக்காகக் கொஞ்ச நேரம் நடித்துக் காட்டுவார்கள், அவ்வளவுதான்.

வயது வந்தவர் வெறும் பாத்திரமாக வந்து உட்காருவதில்லை, அனுபவத்தோடு வருகிறார். இது எனக்கு எதற்கு என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1970களிலேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார். எனக்கு அதைப் புரியவைத்தது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு.

சுத்திகரிப்பு ஆலைகளிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் வருகிற அழுகிய முட்டை நாற்றம்தான் அது. நாற்றத்தை எல்லோருக்கும் தெரியும். அதனால் இப்போதெல்லாம் ஸ்லைடைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறேன்: "முட்ட நாத்தம் வந்துச்சு. அஞ்சு நிமிஷத்துல போயிடுச்சு. கேஸ் போயிடுச்சா, இருக்கா? போயிடுச்சுன்றவங்க கை தூக்குங்க." பாதிக்கு மேல் கை எழும்பும். கை தூக்கியவர் தூங்க மாட்டார், தான் சொன்னது சரியா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஒருமுறை, சாக்கடை லைனில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் பின்னாலிருந்து சொன்னார். "மொதல்ல நாறும் சார். அப்பால நாறாது. மூக்குக்குப் பழகிடும்." அவர் பார்த்தது நூற்றுக்கு நூறு சரி, காரணம்தான் வேறு. 100 பிபிஎம் அளவை (காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு) எட்டினால் சில நிமிடங்களிலேயே மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்ற நேரம்தான் ஆபத்து கூடுகிற நேரம். இதைச் சொன்னதும் அவர், தான் பிழைத்து வந்த நாட்களை மனதுக்குள் எண்ணிப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் ஒருவரும் கைபேசியை எடுக்கவில்லை.

அம்மோனியா வகுப்பும் இப்படித்தான் மாறியது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால், எண்ணூர் பெரியகுப்பம் கரையோரத்தில் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. சனங்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வீட்டைவிட்டு ஓடினார்கள். அந்தப் பக்கத்துப் பையன் ஒருவர் வகுப்புக்கு வந்திருந்தார். அம்மோனியா எப்படி இருக்கும் என்று நான் சொல்லிக்கொடுப்பதில் என்ன அர்த்தம்? நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், அவர் பத்து நிமிடம் பேசினார். முடித்ததும் ஒன்று மட்டும் கேட்டேன்: "அன்னிக்குக் காத்து எந்தப் பக்கம் அடிச்சுது தம்பி?" யோசித்துப் பார்த்தார், ஞாபகம் இல்லை. யார் பார்த்தது சார், என்றார். கூடத்தில் பலர் ஜன்னல் வழியே ஆலைக்குள் பறக்கிற, காற்றின் திசை காட்டும் காற்றுப்பையைத் தேடினார்கள். காற்றுக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும், ஈரத்துணியால் மூக்கை மூட வேண்டும் என்பதை அப்போது சொன்னேன். இரண்டு வரிதான். அதைக் கேட்க அவர்களுக்கு அப்போது காரணம் இருந்தது.

எல்லாவற்றையும் அனுபவத்திலிருந்தே எடுத்துவிடலாம் என்றும் நினைக்கக் கூடாது. அனுபவம் தவறாகவும் வழி சொல்லும்.

மூடிய தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று இந்தப் பகுதியில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: எறங்கித் தூக்குவோம். "எறங்கக் கூடாது" என்று விதியைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வயதான ரிக்கர் ஒருவர், கனமான சாமான்களைக் கயிறு கட்டித் தூக்குகிறவர், எழுந்து நின்றார். "ஒன் தம்பி உள்ள கெடந்தா மேல நின்னு வேடிக்க பாப்பியா சார்?" எனக்கு வாய் அடைத்துவிட்டது. கூட்டாளி விழுந்தால் கூடவே குதிக்கிற ஊர் இது. அந்தக் குணத்தைத் தப்பு என்று சொன்னால் நான் சொல்கிற மற்றதும் எடுபடாது.

அதற்கப்புறம் சாக்பீஸ் எடுத்துப்போக ஆரம்பித்தேன். தரையில் பெரிய வட்டம் ஒன்று போடுவேன், அதுதான் தொட்டி. ஒரே கேங்கில் வேலை செய்யும் ஏழு பேரை வெளியே நிற்க வைப்பேன். ஒருவர் உள்ளே போக வேண்டும். நான் பத்து எண்ணியதும் கீழே உட்கார்ந்துவிட வேண்டும், அவருக்கு மயக்கம். "இப்ப செய்யறதைச் செய்யுங்க" என்பேன். அடுத்தவர் ஓடிப்போய்த் தோளைப் பிடிப்பார். பத்து எண்ணுவேன், அவரும் உட்கார வேண்டும். மூன்றாமவர் மூச்சை அடக்கிக்கொண்டு போவேன் என்பார். சரி, போங்க. ஆளைத் தூக்கி நிறுத்துவதற்குள் மூச்சு விட்டாக வேண்டும், அவரும் உட்காருவார். ஆரம்பத்தில் ஒரே சிரிப்பாக இருக்கும். நான்காமவர் உட்காரும்போது சிரிப்பு நின்றிருக்கும். வட்டத்துக்கு வெளியே நிற்கிற மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

அப்படி ஒரு வகுப்பில் அந்த ரிக்கர் சொன்னதைத்தான் இன்றுவரை என் வகுப்பில் சொல்லிவருகிறேன்: "கயிறு அவன் இடுப்புல மொதல்லயே கட்டியிருந்தா மேலேந்தே இழுத்திருக்கலாமே." ஆர்னஸ் (உடம்போடு மாட்டுகிற பெல்ட்), முக்காலி, வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கிற கருவி), வெளியே நிற்கிற ஸ்டேண்ட்பை ஆள் என்று நான் ஐந்து ஸ்லைடில் சொன்னதன் சாரம் அது. இடுப்புக்கு மட்டும் கட்டினால் முதுகு போய்விடும், மார்போடு தோளோடு சேர்த்துப் போடுகிற ஆர்னஸ்தான் வேண்டும் என்பதை நான் சேர்த்தேன். மீதியெல்லாம் அவருடையது.

திரும்பக் கேட்பதையும் விடுவதில்லை. மறுநாள் காலை டூல்பாக்ஸ் பேச்சில், அதாவது வேலை தொடங்கும் முன் நடக்கிற சின்னப் பாதுகாப்புப் பேச்சில், இரண்டே கேள்வி, பிறகு அடுத்த வாரம் ஒன்று. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். என்னுடைய அந்தக் கோரஸ் "புரிஞ்சுது சார்" இந்த ஐந்து நிமிடக் கணக்கில் சேர்ந்ததுதான். எழுதத் தயங்குகிறவர்கள் உண்டு, அதனால் தாள் கொடுப்பதில்லை, வாயால்தான் கேட்பேன். தீயணைப்பானுக்கும் அப்படியே. வீடியோ போடுவதைவிட, ஒவ்வொருவரும் ஒருமுறை பின்னை இழுத்துப் பார்க்கட்டும். பவுடர் சில வினாடிகளில் தீர்ந்துவிடுவதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

இன்னும் சரியாக வராதவையும் இருக்கின்றன. இந்தி பேசும் தொழிலாளர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைக்கிறேன், பாதிதான் போய்ச் சேர்கிறது. பெயர் வேண்டாம், ஒரு நிறுவனத்தில் நூற்றிருபது பேருக்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள், பேனரோடு போட்டோ கட்டாயம். அன்றைக்கு லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. எல்லோரையும் யார்டுக்குக் கூட்டிப்போய்த் தரையில் வட்டம் போட்டேன். போட்டோவில் நான்கு பேர் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், பேனர் பாதிதான் தெரிகிறது. அதைப் பற்றி மனிதவளத் துறையிலிருந்து ஒரு போன் வந்தது.