ஆர்வம் திரும்பட்டும் என்று காத்திருக்கும் ஜப்பானிய மொழி மாணவர்களுக்கு

"சென்செய் (ஆசிரியரே), இப்போதைக்கு ஆர்வமே இல்லை. வந்ததும் மறுபடி சேர்ந்துகொள்கிறேன்" என்று சென்ற வாரம் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் இளைஞர். ஞாயிறுதோறும் ஒரகடத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வகுப்புக்கு வந்து, ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் முதல் படியான என்5 நிலையை முதல் முயற்சியிலேயே தாண்டியவர். அடுத்த படியான என்4 தேர்வில் நான்கு மதிப்பெண் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். பதினான்கு ஆண்டுகளாகச் சென்னையில் ஜப்பானிய மொழி கற்பித்துவரும் எனக்கு இந்த ஆண்டில் மட்டும் இது ஒன்பதாவது செய்தி என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்த ஒன்பது பேரும் ஒரே தவறான கணக்கைப் போடுகிறார்கள். பசி வந்தால் சாப்பிடுவதுபோல ஆர்வம் வந்தால் படிக்கலாம் என்று எண்ணுகிறார்கள். தொடக்கத்தில் அவர்களுக்கு ஆர்வம் எங்கிருந்து வந்தது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒலியெழுத்து முறையான ஹிராகானாவின் 46 எழுத்துகளை இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டு, ஒரு பிஸ்கட் உறையில் இருந்த சொல்லைத் தாமாகவே படித்தபோது வந்தது அந்த ஆர்வம். அப்போது படித்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அன்றைக்கே பலன் கண்ணில் பட்டது. என்4 நிலைக்குமேல் அப்படி நடக்காது. அன்றாடம் காதில் விழும் சொற்களை முதலிலேயே கற்றுவிட்டதால், இனிக் கற்கும் இருபது சொற்களில் ஒன்றையாவது மீண்டும் சந்திக்கப் பல நாளாகும். உழைப்பு அதேதான், பலன் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. ஆர்வம் குறைவது இதனால்தானே தவிர, உங்களுக்கு மொழி வராது என்பதால் அன்று. காத்திருக்கும் மூன்று மாதத்தில் படித்ததும் கரைந்துபோகிறது. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதனைக்கு உட்படுத்திப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து பார்த்து, கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துபோகிறது என்று 1885இல் எழுதினார். ஆகவே ஆர்வம் வரட்டும் என்று இருந்தவர், திரும்பப் புத்தகத்தைத் திறக்கும்போது தெரிந்த பாடமும் தெரியாததாகத் தோன்ற, முன்னைவிடச் சோர்ந்து மூடிவைக்கிறார்.

அந்த இளைஞரின் மதிப்பெண் தாளை யாராவது ஒழுங்காகப் படித்தார்களா என்றால் இல்லை, அவரே படிக்கவில்லை. 180க்கு 90 வேண்டிய இடத்தில் அவர் பெற்றது 86. கேட்டலில் 60க்கு 41. தாளின் அடியில் இருக்கும் தரக்குறிப்பில் இலக்கணத்துக்கு ஏ, சொல்வளத்துக்கு சி. தமிழ் மாணவர்களின் தாள்களில் நான் மீண்டும் மீண்டும் பார்க்கும் சாயல் இது. வினைச்சொல் இறுதியில் வருவதும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் நமக்குப் புதிதல்ல. 'தாபெதே மிரு' என்றால் சொல்லுக்குச் சொல் 'சாப்பிட்டுப் பார்'. 'காத்தே ஓகு' என்றால் 'வாங்கி வை'. 'வாசுரெதே ஷிமாத்தா' என்பதில் நம் 'மறந்துவிட்டேன்' என்பதன் வருத்தம்கூட அப்படியே இருக்கிறது. ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் இவற்றோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டும்போது நம்மவர்கள் ஒரு மாலையில் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த வேகமே இதே வேகத்தில் எல்லாம் வந்துவிடும் என்ற மயக்கத்தையும் தந்துவிடுகிறது. சீனத்திலிருந்து வந்த எழுத்துகளான கான்ஜிக்கும் சொல்வளத்துக்கும் தமிழ் உதவாது. (கான்ஜியைக் 'கஞ்சி' என்று சொல்லிச் சிரிக்காத வகுப்பை நான் இன்னும் பார்க்கவில்லை, என்4 வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.)

என்4க்குப் பிறகு வரும் இந்தப் பள்ளம் உங்கள் கற்பனை அல்ல. 1984இல் தொடங்கிய பழைய ஜேஎல்பிடி தேர்வில், இன்றைய என்4க்கு நிகரான 3ஆம் நிலைக்கு ஏறத்தாழ 300 கான்ஜியும் 1500 சொற்களும் போதும். அடுத்த 2ஆம் நிலைக்கோ, அதாவது இன்றைய என்2க்கு நிகரானதற்கோ, ஏறத்தாழ 1000 கான்ஜியும் 6000 சொற்களும் வேண்டும். தேர்வை நடத்துபவர்களே இந்த இடைவெளி அதிகம் என்று கண்டு, 2010இல் நடுவே என்3 என்ற படியைச் சேர்த்தார்கள். ஒரு படியைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்த இடத்தில் உங்கள் கால் தயங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் அங்கே ஒருமுறை தவறியவள்தான்.

இனிக் கண்டிப்பாகச் சில சொல்ல வேண்டும். ஒரே கான்ஜியை நோட்டில் நூறு முறை எழுதுவதை நிறுத்துங்கள், கைதான் வலிக்கும். சொற்களுக்குள் வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். 'சென்செய்' என்பதில் 'செய்' என்று ஒலிக்கும் இரண்டாம் கான்ஜியை எடுத்துக்கொள்வோம். பிறப்பு, உயிர் என்பது அதன் பொருள். உங்களுக்கு முன் பிறந்தவர் ஆசிரியர். அதே எழுத்து மாணவரைக் குறிக்கும் 'காக்குசெய்'யில் வருகிறது, பிறந்தநாளாகிய 'தான்ஜோபி'யில் 'ஜோ' என்று ஒலிக்கிறது, 'இகிரு' என்றால் வாழ்வது, 'உமாரெரு' என்றால் பிறப்பது, தனியே 'நாமா' என்றால் சமைக்காத பச்சை. இந்த ஒலிகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்தவர் அடுத்த ஞாயிறே மறக்கிறார். ஐந்து சொற்களாகப் படித்தவர் மறப்பதில்லை.

தினமும் இருபது நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும், பேருந்திலேயே முடித்துவிடலாம். அதில் பாதியைப் பழைய சொற்களுக்குக் கொடுங்கள். சோர்வு வரும்போதெல்லாம் புதிய செயலி ஒன்றை இறக்கி மறுபடியும் முதல் பாடத்திலிருந்து தொடங்காதீர்கள். அதில் கிடைப்பது முதல் பாடம் எளிதாக இருக்கும் சுகம் மட்டுமே. ஆங்கில வசனம் ஓட அனிமே பார்த்துவிட்டுக் கேட்டல் பயிற்சி செய்தேன் என்று என்னிடம் சொல்லாதீர்கள். வேகமாகத் தொடங்கிச் சில நாளிலேயே கைவிடுபவர்களுக்கு ஜப்பானியர்கள் 'மிக்கா போசு', மூன்று நாள் துறவி, என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நம்மூரில் ஆரம்பசூரர். வகுப்பை விடுவதென்றால் விடுவதற்கு முன் ஒரு முறை ஆசிரியரிடம் பேசுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். விட்டபின் செய்தி அனுப்பினால் எங்களால் செய்யக்கூடியது குறைவு.

அந்த இளைஞருக்கு, ஞாயிற்றுக்கிழமை மதிப்பெண் தாளோடு வரும்படியும், ஆர்வம் இல்லாமலே வரலாம் என்றும் எழுதினேன். 'வாகாரிமாஷிதா', புரிந்தது, என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. கான்ஜி பிழையில்லாமல் இருந்தது. அதைக் கைபேசியே போட்டுக்கொடுத்திருக்கும் என்பது எனக்கும் தெரியும்.