அடி விழும் வீட்டில் உங்கள் உரிமை: குடும்ப வன்முறைச் சட்டத்தில் என்ன கேட்கலாம், எங்கே கேட்கலாம்?

‘புகார் கொடுத்தால் அவரைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள், அப்புறம் வாடகை யார் கொடுப்பது?’ சென்னையின் காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் பல பெண்களின் வாயை அடைப்பது இந்தக் கேள்விதான். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, யாரையும் நேராகச் சிறைக்கு அனுப்புவதற்கான சட்டம் அல்ல. அடி நிற்க வேண்டும், தலைக்கு மேல் கூரை வேண்டும், கைச்செலவுக்குப் பணம் வேண்டும், பிள்ளைகள் உங்களோடு இருக்க வேண்டும் என்று நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் கேட்பதற்கான சட்டம் அது.

வன்முறை என்றால் அடி உதை மட்டும் இல்லை. மீன் விற்று வந்த காசை முந்தானையிலிருந்து பிடுங்கிக்கொள்வது, மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வரும் ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்துக்கொள்வது, கேட்காமல் நகையை அடகு வைப்பது எல்லாம் பொருளாதார வன்முறை. விருப்பம் இல்லாத உடலுறவு, பிள்ளை இல்லை என்று குத்திக்காட்டுவது, நடத்தையைச் சந்தேகித்துத் திட்டுவது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது எல்லாமே சட்டத்தின் கணக்கில் வரும். அவருடைய வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் டிவியை அணைத்துவிட்டு மூலையில் ஒடுங்குகிறார்கள் என்றால், அந்த வீட்டில் நடப்பதை ‘புருஷன் பொண்டாட்டி சண்டை’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். மனைவிக்கு மட்டும் உரியதல்ல இந்தச் சட்டம். மகன் அடிக்கும் தாய், அண்ணன் விரட்டும் தங்கை, கொழுந்தனார் வீட்டில் இருக்கும் விதவை, தாலி கட்டாமல் கணவன் மனைவிபோலச் சேர்ந்து வாழ்ந்த பெண் எல்லோரும் கேட்கலாம்.

காயம் இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி. ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ‘எப்படி ஆச்சு?’ என்று கேட்பார்கள். கூட வந்திருக்கும் மாமியார் முகத்தைப் பார்த்துவிட்டு ‘மாடிப்படியில் விழுந்துட்டேன்’ என்று சொன்னால் அதுவே விபத்துப் பதிவேட்டில் ஏறும். ஆறு மாதம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்து நீட்டும் முதல் காகிதமும் அதுவாகத்தான் இருக்கும். தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். யார் அடித்தார், எதனால் அடித்தார், எத்தனை மணிக்கு என்று சொல்லிப் பதியச் சொல்லுங்கள். அந்தப் பதிவேட்டு நகலின் (ஏ.ஆர். காப்பி) எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காயத்தைப் போட்டோ எடுத்து, அவர் கைக்கு எட்டாத ஒரு போனுக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இருவரையும் உட்காரவைத்துப் பேசி, ‘இனி அடிக்க மாட்டேன்’ என்று அவரிடமும், ‘மேல் நடவடிக்கை வேண்டாம்’ என்று உங்களிடமும் எழுதி வாங்கி அனுப்பிவிடுவது உண்டு. இரண்டாவது கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கணவர் அல்லது அவருடைய உறவினர் செய்த கொடுமைக்குத் தனியாகக் குற்ற வழக்கும் போடலாம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ என்று இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு. அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை. இரண்டு வழிகளையும் சேர்த்தே எடுக்கலாம், ஒன்றை மட்டும் எடுத்தாலும் தவறில்லை.

நீதிமன்ற வழிக்கு, குடும்ப வன்முறைச் சட்டத்துக்காக அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். சென்னையில் என்றால் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் இருக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சமூக நலத்துறையைக் கேளுங்கள். கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்துபோகும் தூரம்தான். நடந்ததை அவர் குடும்ப வன்முறை அறிக்கையாக எழுதுவார், மனுவையும் தயாரிக்க உதவுவார். தேதி நினைவில்லை என்றால் ‘பொங்கலுக்கு மறுநாள்’, ‘பள்ளிக்கூடம் திறந்த வாரம்’ என்று சொன்னாலும் போதும். ‘அடிக்கடி அடிப்பார்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட அது பல மடங்கு பலம். வக்கீலுக்குப் பணம் வேண்டாம். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி கிடைக்கும். அதைக் கேட்க அழைக்க வேண்டிய எண் 15100. அம்மா வீட்டுக்கு, திருவொற்றியூருக்கு வந்துவிட்டீர்கள் என்றால் தற்காலிகமாகத் தங்கும் அந்த இடத்துக்குரிய நீதிமன்றத்திலேயே மனு போடலாம்.

வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, வாரியக் குடியிருப்பின் ஒதுக்கீடு மாமியார் பெயரில் இருக்கிறது, அதனால் ‘வெளியே போ’ என்கிறார்களா? நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால், பத்திரத்தில் உங்கள் பெயர் இல்லாவிட்டாலும் அங்கே தங்கக் கேட்கலாம். 2020-ல் உச்ச நீதிமன்றம் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கணவரை வெளியேறச் சொல்லவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. மாமியார், நாத்தனார் போன்ற பெண்களை மட்டும் வெளியேற்ற உத்தரவிட முடியாது. அந்தச் சூழலில் தனி வீட்டுக்கான வாடகையைக் கணவர் தர வேண்டும் என்று கேளுங்கள்.

மனு போட்டு மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுப்பதற்கு ஒரு பெரிய காரணம் நோட்டீஸ் அவர் கைக்குப் போய்ச் சேராததுதான். வீட்டு முகவரியோடு வேலை செய்யும் இடம், போன் எண், அண்ணன் தம்பி முகவரி எல்லாம் முதலிலேயே கொடுங்கள். ஆபத்து உடனடி என்றால் இடைக்கால உத்தரவு கேட்டுத் தனி வரி எழுதச் சொல்லுங்கள். அவர் வராமலேயே அதைத் தர முடியும். ஜீவனாம்சத் தொகை கேட்கிறவர்கள் சொத்து, வருமான விவரப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தாக வேண்டும். அது இல்லாமல் போனால் ஒரு வாய்தா வீண்.

அக்கம்பக்கத்தாரும் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர்மேல் வழக்கு வராது. பெண்கள் உதவி எண் 181, இரவு பகல் எடுப்பார்கள், அந்த நேரத்து ஆபத்துக்கு 112.

உத்தரவு வந்ததும் நகல் இலவசம். காவல் நிலையத்துக்கும் நீதிமன்றமே ஒன்று அனுப்பும். ஆனாலும் ஒரு நகலை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறி அவர் வந்து கதவைத் தட்டினால் இனி அது புதுக் குற்றம்: ஓராண்டு வரை சிறை அல்லது இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடிவாரண்டு இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீனில் விட முடியாத குற்றமும்கூட. நிலையத்தில் முத்திரை போட்ட அந்த நகலைக் காட்டி, ‘குடும்ப வன்முறைச் சட்டம், 31-ஆம் பிரிவு’ என்று சொல்லுங்கள்.